அப்பாவுக்கு ஓட்டு போட முடியாத பிள்ளைங்களும் உடையவே உடையாத ரெண்டு கட்சியும்

2016 ஏப்ரல்ல நியூயார்க்ல ப்ரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முன்தேர்தல், நடந்தப்ப ட்ரம்ப்போட மக இவாங்காவாலயும் மகன் எரிக்காலயும் சொந்த அப்பாவுக்கே ஓட்டு போட முடியல. ரெண்டு பேரும் வாக்காளர் பதிவுல எந்தக் கட்சி பேரும் போடாம இருந்தவங்க, ரிபப்ளிகன்னு மாத்திக்கணும்னா அதுக்கான கடைசி தேதி முந்தின வருஷம் அக்டோபர்லயே முடிஞ்சு போச்சு. அதாவது அப்ப அங்க ஓட்டுச்சாவடிக்கு போறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே நீ எந்தக் கட்சின்னு எழுதிக் குடுத்திருக்கணும், மறந்துட்டா வேட்பாளர் உன் அப்பாவாவே இருந்தாலும் வீட்ல உக்காந்து டிவி பாரு. இதுதான் க்ளோஸ்டு ப்ரைமரி.

அமெரிக்க தேர்தல் செய்தி படிக்கிறவங்களுக்கு இந்த ஓபன், க்ளோஸ்டு சண்டை பழக்கமா இருக்கும். கதவ எல்லாருக்கும் தொறந்து விட்டா தீவிரமா பேசுறவங்க தோத்து நிதானமானவங்க ஜெயிப்பாங்க, நாடு உருப்பட்டுடும்னு ஒரு கோஷ்டி ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கு. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி இந்த ப்ரைமரிங்குற ஏற்பாடு எங்கருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும், ஏன்னா உலகத்துல பெரும்பாலான நாடுகள்ல அரசாங்கமே முன்ன நின்னு, தன் காசுல, சட்டம் போட்டு கட்சிகளோட சீட்டு விவகாரத்த இந்த அளவுக்கு நடத்திக் குடுக்குறது இல்ல.

நம்ம ஊர்ல என்ன நடக்கும், விருப்ப மனு வாங்குவாங்க, பணம் கட்டணும், நேர்காணல்னு ஒண்ணு நடக்கும், அப்புறம் தலைமை லிஸ்ட் விடும், அதுக்கு மேல பேச்சே கிடையாது. அமெரிக்காவுலயும் 1900 வாக்குல கிட்டத்தட்ட இதே கததான். மாநாடுன்னு கூட்டுவாங்க, யாருக்கு சீட்டுன்னு பெரிய தலைங்க முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. விஸ்கான்சின்ல லா ஃபாலெட்னு ஒருத்தர் 1896லயும் 1898லயும் கவர்னர் சீட்டுக்கு மோதி ரெண்டு தடவையும் மாநாட்டுல கவுத்துட்டாங்க, ரயில்வேயும் மரக் கம்பெனியும் ஆள வளைச்சுட்டாங்கன்னு மனுஷன் கடுப்பாயிட்டார். 1900ல ஒரு வழியா கவர்னர் ஆனதும் மொத வேலையா பிடிச்சது இதத்தான், வேட்பாளர மாநாடு தேர்ந்தெடுக்கக் கூடாது, ஓட்டு போடுற ஜனங்களே தேர்ந்தெடுக்கணும்னு. 1903ல சட்டம், 1904ல அத மக்கள் ஓட்டுக்கு விட்டு ஜெயிச்சார். அங்கருந்து மத்த மாநிலங்களுக்கு வேகமா பரவுச்சு.

அப்பதான் இன்னிக்கு வரைக்கும் தீராத ஒரு கேள்வி பொறந்துச்சு. கட்சிங்குறது தனியார் சங்கமா, பொது நிறுவனமா? டெக்சாஸ்ல டெமாக்ரடிக் கட்சி ப்ரைமரியில வெள்ளைக்காரங்க மட்டும்தான் ஓட்டு போடலாம்னு விதி வச்சிருந்தாங்க, அந்தக் காலத்துல அங்க அந்தக் கட்சிய விட்டா நாதியே இல்லங்குறதால ப்ரைமரியில ஜெயிச்சா நவம்பர்ல நடக்குற நெசமான தேர்தல் வெறும் சடங்கு. கேட்டா நாங்க தனியார் சங்கம், யார சேக்குறதுங்குறது எங்க இஷ்டம்னாங்க. லோனி ஸ்மித்னு ஹூஸ்டன் பல் டாக்டர் ஒருத்தர் கேஸ் போட்டார், வாதாடினவர் தர்குட் மார்ஷல், 1944ல சுப்ரீம் கோர்ட் 8க்கு 1ன்னு அந்த விதிய தூக்கி எறிஞ்சுது. அரசாங்க சட்டத்துக்குள்ள நடக்குற தேர்தல்ல நிறத்த பாத்து ஆள தள்ள முடியாதுன்னு.

சரி அப்ப கட்சிங்குறது பொது சொத்துதானேன்னு நினைச்சா, 2000ல அதே கோர்ட் எதிர்ப் பக்கமா ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. கலிஃபோர்னியா ஜனங்க 1996ல ஓட்டு போட்டு, எந்தக் கட்சிக்காரனும் எந்தக் கட்சியோட வேட்பாளரயும் தேர்ந்தெடுக்கலாம்னு ப்ரைமரிய அகலமா தொறந்து விட்டிருந்தாங்க. கட்சிகளே சேந்து கேஸ் போட்டு 7க்கு 2ன்னு ஜெயிச்சுதுங்க. என் வேட்பாளர என் எதிரி தேர்ந்தெடுக்கிறத ஏத்துக்கோன்னு அரசாங்கம் என்ன கட்டாயப்படுத்த முடியாதுங்குறதுதான் சாரம். எனக்கு இந்த வாதம் அவ்வளவு மட்டமா தெரியல. ஒரு கோயில் கமிட்டி தேர்தல்ல பக்கத்து ஊர்க்காரன் வந்து தலைவர தேர்ந்தெடுத்தா நாம சும்மா இருப்போமா.

இன்னிக்கு நிலவரம் என்னன்னா மாநிலத்துக்கு ஒரு வழக்கம். ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, நியூயார்க், கென்டக்கி எல்லாம் க்ளோஸ்டு, கட்சியில பதிஞ்சவங்களுக்கு மட்டும். டெக்சாஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின்ல பதிவுலயே கட்சி பேரு கிடையாது, அன்னிக்கு காலையில எந்தக் கட்சி ஓட்டுச் சீட்டு வேணுமோ அத எடுத்துக்கலாம், ஒண்ணு மட்டும்தான் எடுக்க முடியும். நடுவுல பாதி தொறந்த பாதி மூடின மாநிலங்க நெறைய இருக்கு, கட்சி சாராதவங்க மட்டும் உள்ள வரலாம், எதிர்க்கட்சியில பதிஞ்சவன் வரக்கூடாதுங்குற மாதிரி. கேலப் சர்வேயில நீங்க எந்தக் கட்சின்னு கேட்டா இப்ப 40%க்கு மேல ஆளுங்க எதுவும் இல்லன்னு சொல்றாங்க, க்ளோஸ்டு மாநிலத்துல அப்படி எதுலயும் பதியாம இருந்துட்டா முக்கியமான ஓட்டே கைய விட்டு போயிடுது.

முக்கியமான ஓட்டுன்னு ஏன் சொல்றேன்னா, அமெரிக்க கீழ்சபையோட 435 தொகுதியில பெரும்பாலானது ஏதோ ஒரு கட்சியோட கோட்டை. அங்க நவம்பர்ல யாரு ஜெயிப்பாங்கன்னு சின்னப் பிள்ளை கூட சொல்லும், நெசமான போட்டி ப்ரைமரியிலதான். ஆனா ப்ரைமரிக்கு வர்ற கூட்டம் ரொம்ப கம்மி. 2018 ஜூன்ல நியூயார்க் 14வது தொகுதியில பத்து தடவ எம்பியா இருந்த ஜோ க்ரௌலிய ஒகாசியோ கோர்டெஸ் தோக்கடிச்சாங்களே, அவங்க வாங்கினது 17,000 ஓட்டுக்கும் கீழ, ஏழு லட்சம் பேரு வாழுற தொகுதியில. அவங்க ஜெயிச்சது நல்லதா கெட்டதாங்குறது வேற பேச்சு, ஒரு பெரிய கல்யாண மண்டபக் கூட்டம் நாலஞ்சு சேந்தா ஒரு எம்பிய மாத்திடலாம்ங்குறதுதான் விஷயம்.

இத பாத்துட்டுத்தான் ஓபன் பண்ணுங்கன்னு சொல்றாங்க. ஆனா ஓபன் பண்ண இடத்துல என்ன ஆச்சு? 2014ல ரிபப்ளிகன் கட்சியோட சபை ரெண்டாம் நம்பர் தலைவர் எரிக் கேன்டரயே முன்ன பின்ன தெரியாத ஒரு காலேஜ் வாத்தியார் வலதுபக்கத்துல இருந்து வந்து கவுத்தார், அது வர்ஜீனியா, ஓபன் ப்ரைமரி. இன்னும் நல்ல உதாரணம் 2021 ஜனவரியில ட்ரம்ப்ப பதவி நீக்க விசாரணைக்கு அனுப்பணும்னு ஓட்டு போட்ட பத்து ரிபப்ளிகன் எம்பிங்க. நாலு பேரு அடுத்த தேர்தல்ல நிக்கவே இல்ல. நாலு பேரு ப்ரைமரியில காலி. அதுல சவுத் கரோலினாவும் மிச்சிகனும் ஓபன் மாநிலங்க, கதவு தொறந்துதான் இருந்துச்சு, காப்பாத்த யாரும் வரல. அது மட்டுமா, மிச்சிகன்ல அந்த நாலு பேர்ல ஒருத்தரான பீட்டர் மையருக்கு எதிரா நின்ன ட்ரம்ப் ஆதரவாளர தூக்கி விடுற மாதிரி டெமாக்ரடிக் கட்சியே காசு போட்டு விளம்பரம் ஓட்டுச்சு, அந்த ஆளு வந்தா நவம்பர்ல தோக்கடிக்க சுலபம்னு கணக்கு, கணக்கு சரியாவும் போச்சு, சீட்டு டெமாக்ரட் கைக்கு வந்துச்சு. ஜனநாயகம் ஆபத்துல இருக்குன்னு மேடைக்கு மேடை பேசிக்கிட்டே இத செஞ்சாங்க. எனக்கு இத நினைச்சா இன்னும் ஆறல.

திரும்பி வந்தது ரெண்டே பேரு, கலிஃபோர்னியாவோட வாலடேவோ, வாஷிங்டன் மாநிலத்தோட ந்யூஹவுஸ். ரெண்டுமே டாப் டூ மாநிலம். அதாவது கட்சிவாரி ப்ரைமரியே கிடையாது, எல்லா கட்சி வேட்பாளரும் ஒரே ஓட்டுச் சீட்டுல, எல்லா வாக்காளரும் ஒண்ணா ஓட்டு போட்டு மொத ரெண்டு இடத்துல வர்றவங்க நவம்பருக்கு போவாங்க, ரெண்டு பேரும் ஒரே கட்சின்னாலும் சரிதான். ஆகா பாத்தியா சீர்திருத்தம் வேலை செஞ்சுதுன்னு சொல்றவங்க உண்டு, ஆனா அந்த ரெண்டு பேரும் மொத சுத்துல வாங்கினது ஆளுக்கு சுமார் 25%தான். எதிர்ப்பு ஓட்டு பல பேருகிட்ட சிதறுனதால தப்பிச்சாங்க. அதே வாஷிங்டன்ல, அதே வருஷம், அதே முறையில பத்து பேர்ல ஒருத்தரான ஹெரேரா ப்யூட்லர் மயிரிழையில மூணாவது வந்து வெளிய போனாங்க. இத முறையோட சாதனைன்னு எழுதுறதுக்கு எனக்கு கை வரல, பாதி அதிர்ஷ்டம்.

டாப் டூவுக்கு இன்னொரு முகமும் இருக்கு. கலிஃபோர்னியா 2010ல இந்த முறைக்கு ஓட்டு போட்டு 2012ல மொத தடவ முழுசா நடத்துனாங்க, 31வது தொகுதி டெமாக்ரட் சாய்வு தொகுதி, டெமாக்ரட் நாலு பேரு நின்னு ஓட்ட பிச்சு எடுத்துக்கிட்டதுல ரெண்டு ரிபப்ளிகன் வேட்பாளர் மொத ரெண்டு இடத்துக்கு வந்துட்டாங்க, நவம்பர்ல அந்த ஊரு டெமாக்ரட் ஜனங்களுக்கு ஓட்டு போட தன் கட்சி ஆளே இல்ல. 2024ல செனட்ங்குற மேல்சபைக்கு நடந்த போட்டியில டெமாக்ரட் ஆடம் ஷிஃப் இன்னும் சாமர்த்தியம், சொந்தக் கட்சியோட கேட்டி போர்ட்டர் ரெண்டாவது வந்தா நவம்பர் கஷ்டம்னு, ரிபப்ளிகன் வேட்பாளரா நின்ன பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஸ்டீவ் கார்விய பத்தி விளம்பரமா போட்டு அவர ரெண்டாவது இடத்துக்கு தூக்கி விட்டார். சின்ன கட்சிங்க கதி இன்னும் மோசம், க்ரீன், லிபர்டேரியன் எல்லாம் முன்னாடி நவம்பர் ஓட்டுச் சீட்டுலயாவது பேரு இருக்கும், இப்ப அதுவும் போச்சு. எல்லாருக்கும் கதவ தொறக்குறேன்னு ஆரம்பிச்சு சின்னவங்கள வெளிய வச்சு பூட்டிட்டாங்க.

இதெல்லாம் பாத்து கத்துக்கிட்டு கட்டினதுன்னா அலாஸ்காவத்தான் சொல்லணும். 2020ல மக்கள் ஓட்டுல வந்த முறை, ப்ரைமரி எல்லாருக்கும் பொது, மொத நாலு பேரு நவம்பருக்கு போவாங்க, அங்க வாக்காளர் 1, 2, 3ன்னு வரிசை போடலாம். இலங்கைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல, அங்க ஜனாதிபதி தேர்தல்ல விருப்பு வாக்கு 1982லருந்தே உண்டு, 2024ல யாருக்கும் 50% வராம மொத தடவயா ரெண்டாவது விருப்பம் வரைக்கும் எண்ண வேண்டி வந்துச்சு. அலாஸ்காவுல அத கடைசி ஆள நீக்கி நீக்கி எண்ணுவாங்க. 2022ல 49 வருஷமா எம்பியா இருந்த டான் யங் இறந்து போக, இடைத்தேர்தலுக்கு 48 பேரு நின்னாங்க, அதுல சான்டா க்ளாஸ்னு சட்டப்படி பேரு வச்சுக்கிட்ட ஒருத்தர், ஊரு பேரு நார்த் போல், அந்த ஊரு கவுன்சிலர், தாடியோட சேத்து நெசம். கடைசி மோதல் மூணு பேருக்கு நடுவுல, டெமாக்ரட் மேரி பெல்டோலா 40%, சாரா பேலின் 31%, இன்னொரு ரிபப்ளிகன் நிக் பெகிச் 28%. பெகிச் வெளிய போனதும் அவர் ஓட்டு முழுசும் பேலினுக்கு போகும்னு பாத்தா பாதிதான் போச்சு, மீதியில கொஞ்சம் பெல்டோலாவுக்கு, கொஞ்சம் ரெண்டாவது விருப்பமே போடாம செத்துச்சு. பெல்டோலா 51.5% வாங்கி ஜெயிச்சாங்க. ரிபப்ளிகன்காரங்களுக்கு பயங்கர கோவம், ஓட்டு சீட்ட எல்லாம் அலசி பாத்தா பெகிச் தனித்தனியா மோதியிருந்தா ரெண்டு பேரயும் தோக்கடிச்சிருப்பார்ங்குறதும் உண்மைதான், எல்லாருக்கும் ரெண்டாவது சாய்ஸா இருக்குறவன மொதல்ல வெளிய அனுப்புறது இந்த எண்ணிக்கையோட பிறவிக் கோளாறு.

ஆனா அதே வருஷம் செனட்ல லீசா மர்கௌஸ்கி தப்பிச்சாங்க பாருங்க, அதுக்கு இந்த முறைதான் முழுக் காரணம். செனட்ல ட்ரம்ப்புக்கு எதிரா ஓட்டு போட்டவங்க, பழைய கட்சி ப்ரைமரியா இருந்தா அவ்வளவுதான், 2010லயே ஒரு தடவ கட்சி ப்ரைமரியில தோத்து, சீட்டுல பேரே இல்லாம ஜனங்கள கையால எழுத வச்சு நவம்பர்ல ஜெயிச்ச ஆளு. அதே மாதிரி ட்ரம்ப்புக்கு எதிரா ஓட்டு போட்ட இன்னொரு செனட்டர் லூசியானாவோட பில் கேசிடி. அந்த மாநிலம் 1975லருந்து பெரும்பாலும் கட்சி ப்ரைமரி இல்லாம எல்லாரயும் ஒண்ணா ஓட விட்டுட்டு இருந்துச்சு, 2024 ஜனவரியில சட்டத்த மாத்தி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலுக்கு 2026லருந்து கட்சி ப்ரைமரின்னு ஆக்கிட்டாங்க, கேசிடி அடுத்து நிக்க வேண்டிய வருஷமும் அதேதான். யார மனசுல வச்சு மாத்துனாங்கன்னு அங்க யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல.

2024ல அலாஸ்கா கட்சிங்களும் பாடம் படிச்சுட்டாங்க. பொது ப்ரைமரியில மூணாவது வந்த ரிபப்ளிகன் நான்சி டால்ஸ்ட்ரம் ஒதுங்கி பெகிச்சுக்கு வழி விட்டாங்க, இன்னொருத்தரும் ஒதுங்க, காலி இடத்துக்கு கீழ இருந்தவங்க ஏறி ஏறி கடைசியில நாலாவது இடம் கிடைச்சது நியூயார்க் ஜெயில்ல 20 வருஷ தண்டனையில இருந்த ஒரு டெமாக்ரட்டுக்கு. அவர சீட்டுலருந்து எடுங்கன்னு டெமாக்ரடிக் கட்சி கோர்ட்டுக்கு போய் தோத்துச்சு. பெகிச் ஜெயிச்சார். இந்த முறையே வேணாம்னு அதே நாள் நடந்த வாக்கெடுப்பு ஆயிரத்துக்கும் கம்மியான ஓட்டு வித்தியாசத்துல தோத்து முறை பிழைச்சுது. ஆனா அலாஸ்கா தப்பிச்ச அதே தேர்தல்ல நெவாடா, ஐடஹோ, கொலராடோ, அரிசோனா, மொன்டானா, சவுத் டகோட்டா ஆறு மாநிலத்துலயும் கட்சி ப்ரைமரிய மாத்துற திட்டம் வரிசையா தோத்துச்சு. வாஷிங்டன் டிசியில மட்டும் ஜெயிச்சுது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். இவ்வளவு கதவு தொறந்து மூடி தொறந்தும் உள்ள இருக்குறது ரெண்டு ரூம் வீடுதான். சொல்லப்போனா ப்ரைமரி இருக்குறதாலதான் அந்த வீட்டுல மூணாவது ரூம் கட்டவே மாட்டேங்குறாங்கன்னு நான் நினைக்கிறேன். நம்ம பக்கம் தலைமையோட முட்டிக்கிச்சுன்னா என்ன நடக்கும், வெளிய போய் கட்சி ஆரம்பிப்பாங்க. 1949ல திமுக அப்படித்தான், 1972ல அதிமுக, 1994ல மதிமுக. அமெரிக்காவுல அதே ஆளுக்கு வெளிய போக வேண்டிய அவசியமே இல்ல, ப்ரைமரியில நின்னு கட்சியவே கைப்பற்றலாம், தலைமை கதவ பூட்ட முடியாது, ஏன்னா பூட்டு அரசாங்கத்துகிட்ட இருக்கு. பெர்னி சாண்டர்ஸ் கால் நூற்றாண்டு சுயேச்சையா காங்கிரஸ்ல இருந்தவர், ஜனாதிபதி ஆசை வந்ததும் 2016ல டெமாக்ரடிக் ப்ரைமரியில போய் நின்னார். ட்ரம்ப் 2000 தேர்தலுக்கு ரிஃபார்ம் பார்ட்டின்னு மூணாவது கட்சி பக்கம் எட்டிப் பாத்து அங்க எதிர்காலம் இல்லன்னு விலகினவர், பதினாறு வருஷம் கழிச்சு ரிபப்ளிகன் ப்ரைமரி வழியா உள்ள வந்தார். அந்த ரிஃபார்ம் பார்ட்டிய ஆரம்பிச்ச ராஸ் பெரோ 1992ல கிட்டத்தட்ட 19% ஓட்டு வாங்கி ஜனாதிபதி தேர்தல்ல ஒரே ஒரு எலக்டோரல் ஓட்டு (ஜனாதிபதிய முடிவு பண்ற மாநிலவாரி ஓட்டு) கூட வாங்காதவர். இத பாத்தவன் எவன் புதுக் கட்சி ஆரம்பிப்பான். போதாக்குறைக்கு பெரும்பாலான மாநிலத்துல ப்ரைமரியில தோத்தவன் அதே தேர்தல்ல வேற பேர்ல நிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

அதிக ஓட்டு வாங்குன ஒருத்தன் ஜெயிக்கிற முறைன்னா ரெண்டு கட்சிதான் தங்கும்னு பாடப்புத்தகத்துல படிப்போம், ஆனா அதே முறைய வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுல எத்தன கட்சி இருக்கு. காரணம் கூட்டணி, சின்ன கட்சிக்கு நாலு சீட்டு ஒதுக்கிக் குடுத்து உயிரோட வச்சிருக்கோம். அமெரிக்காவுலயும் 1800கள்ல அந்த மாதிரி ஒண்ணு சாதாரணமா இருந்துச்சு, ஒரே வேட்பாளர ரெண்டு கட்சி ஓட்டுச் சீட்டுல தன் தன் பேருக்கு நேரா உள்ள வரியில நிறுத்தும், எந்தக் கட்சி வரியில எத்தன ஓட்டு விழுந்துச்சுன்னு தனித்தனியா தெரியும், அத வச்சு சின்ன கட்சி பேரம் பேசலாம். நியூயார்க்ல இன்னிக்கும் நடக்குது, வொர்க்கிங் ஃபேமிலிஸ் பார்ட்டிங்குற சின்ன கட்சியோட பொழப்பே அதுதான். மத்த மாநிலங்க பெரும்பாலும் தடை போட்டுட்டாங்க, மின்னசோட்டாவுல ஒரு சின்ன கட்சி கேஸ் போட்டப்ப 1997ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 3ன்னு தடை செல்லும்னு சொல்லிடுச்சு, ரெண்டு கட்சி முறை நிலையா இருக்குறதுல மாநிலத்துக்கு அக்கறை இருக்கலாம்னு காரணம் வேற.

நெசமாவே பல கட்சி வேணும்னா ஒரு தொகுதிக்கு ஒரு ஆளுங்குறத விடணும். நியூசிலாந்து விட்டுச்சு. அங்க 1978லயும் 1981லயும் லேபர் கட்சி அதிக ஓட்டு வாங்கியும் நேஷனல் கட்சி அதிக சீட்டு வாங்கி ஆட்சி பண்ணுச்சு, 1981ல சோஷியல் க்ரெடிட்னு மூணாவது கட்சி 20%க்கு மேல ஓட்டு வாங்கி 92ல வெறும் 2 சீட்டு. ஜனங்க கடுப்பாகி 1993ல மாத்திட்டாங்க, 1996லருந்து கட்சி வாங்குற ஓட்டு விகிதத்துக்கு சீட்டு, பொதுவா குறைஞ்சது 5% வாங்கினாத்தான் உள்ள வரலாம். அமெரிக்காவுக்கும் இது ஆகாத காரியம் இல்ல. நியூயார்க் நகரத்துல 1935ல டெமாக்ரட் 66% ஓட்டு வாங்கி 65ல 62 இடத்த பிடிச்சப்ப ஜனங்க விகித முறைய கொண்டு வந்தாங்க. 1937லருந்து பத்து வருஷம் ஓடுச்சு, அதுலதான் 1941ல ஆடம் க்ளேட்டன் பவல் நகரசபையோட மொத கறுப்பின உறுப்பினரா வந்தார். அப்புறம் கம்யூனிஸ்ட் ரெண்டு பேரு உள்ள வந்ததும் பனிப்போர் நேரத்துல அதயே காட்டி பயமுறுத்தி 1947ல தூக்கிட்டாங்க. 1949ல பழைய மாதிரி தேர்தல், 25ல 24 டெமாக்ரட். இப்ப ஓரிகன்ல போர்ட்லேண்ட் 2024லருந்து நாலு வட்டம், வட்டத்துக்கு மூணு பேருன்னு விகித முறையில கவுன்சில தேர்ந்தெடுக்குது, கால்வாசி ஓட்டு இருந்தா ஒரு இடம் நிச்சயம்.

காங்கிரசுக்கு மட்டும் இத எந்த மாநிலமும் தானா செய்ய முடியாது, 1967ல போட்ட சட்டம் தடுக்குது, ஒரு தொகுதிக்கு ஒரு எம்பிதான்னு. அப்ப அதுக்கு நியாயம் இருந்துச்சு, தென் மாநிலங்க முழு மாநிலத்தயும் ஒரே தொகுதியாக்கி கறுப்பின ஓட்ட கரைச்சுடுவாங்களோன்னு பயந்தாங்க, விகித முறைய யாரும் நினைச்சுக் கூட பாக்கல. அது அரசியல் சாசனம் இல்ல, சாதா சட்டம், காங்கிரஸ் நினைச்சா இன்னொரு சட்டம் போட்டு மாத்தலாம். வர்ஜீனியா எம்பி டான் பேயர் தொகுதிக்கு பல எம்பி, வரிசை ஓட்டுன்னு ஒரு மசோதாவ 2017ல கொண்டு வந்தார், அப்புறமும் திரும்பத் திரும்ப கொண்டு வந்தார். சபையில ஒரு தடவ கூட ஓட்டுக்கு வரல, அங்க உக்காந்து இருக்குற 435 பேருல கிட்டத்தட்ட எல்லாருமே இந்த ரெண்டு கட்சி வழியா வந்தவங்கதான்.